டயர் பூச்சு: முதலில் பாதி டயரில் பூசிப் பாருங்கள்

காரைக் கழுவித் துடைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது வண்டி பளிச்சென்று இருக்கும். டயர் மட்டும் புழுதியில் புரண்டதுபோல் பழுப்பேறிக் கிடக்கும். அது கண்ணை உறுத்தத் தொடங்கிய பிறகுதான் பலரும் டயர் பூச்சைத் தேடிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். வாங்கிய அன்றே நான்கு டயர்களுக்கும் தாராளமாகப் பூசினேன். பால் குடித்த பூனைபோல் டயர் மினுமினுத்தது. அரை மணி நேரம்கூடக் காயவிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால், வெள்ளைக் கதவுகளின் கீழ்ப்பகுதியில், சக்கரங்களுக்குப் பின்னால், விசிறி விரித்ததுபோல் கரும்புள்ளிகள். டயருக்குச் செலவிட்ட நேரத்தைப்போல மூன்று மடங்கு அந்தப் புள்ளிகளைத் துடைத்தெடுக்கப் போயிற்று.

அன்றிலிருந்து எந்தப் புதுப் பூச்சு கைக்கு வந்தாலும் முதலில் அரை டயரில்தான் பூசுகிறேன். முன்சக்கரம் ஒன்றின் ஒரு பாதியில் பூச்சு. மறுபாதி நன்றாகக் கழுவியதோடு சரி. ஒரு மாதம் ஓட்டினால், இரண்டு பாதிகளும் அருகருகே நின்று சாட்சி சொல்லிவிடும். பூச்சின் புகழ் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி உண்மையில் கழுவியதன் புகழ் என்பது இப்படிப் பார்த்தால்தான் தெரியும். முதன்முறையாகப் பூசுபவருக்கு ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது போதும்.

டயர் ஏன் பழுப்பாகிறது

டயரின் கறுப்பு மேலே பூசிய நிறம் அல்ல. ரப்பர் இயல்பில் வெளிறிய பொருள். ஆரம்ப காலத்துக் கார் டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. மிச்லின் நிறுவனத்தின் 1898ஆம் ஆண்டுச் சின்னமான டயர் மனிதன் இன்றும் வெள்ளையாக இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கார்பன் பிளாக் என்ற மிக நுண்ணிய கரித்தூளை டயர் ரப்பரில் கலக்கத் தொடங்கினார்கள். டயர் கறுத்தது. அதைவிட முக்கியம், தேய்மானத்தைத் தாங்கும் வலுவும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சக்தியும் அதற்கு வந்தன. ஆகவே 'இழந்த கறுப்பை மீட்டுத் தரும்' என்று புட்டியில் எழுதியிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு எங்கும் போய்விடவில்லை. அதன்மேல் ஏதோ மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூடியிருப்பதில் ஒரு பகுதி சாலைப் புழுதியும் பிரேக் தூளும். இன்னொரு பகுதி டயருக்குள்ளிருந்தே வருகிறது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிப்பு உண்டாக்கும். அதைத் தடுப்பதற்காக, டயர் செய்யும்போதே மெழுகையும் 6பிபிடி போன்ற ஓசோன் தடுப்புப் பொருட்களையும் ரப்பரில் சேர்க்கிறார்கள். இவை உள்ளேயே அடங்கிக் கிடப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, ஓசோனின் அடியைத் தாங்களே வாங்கிக்கொண்டு ரப்பரைக் காப்பாற்றுகின்றன. அப்படி அடிவாங்கியதன் சுவடுதான் பழுப்பு. ஈரச் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல் டயரில் பழுப்புப் பூக்கிறது. டயர் ஓடி, வளைந்து கொடுக்கும்போது இந்தக் கசிவு ஒழுங்காக நடக்கும். மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்திய வண்டியின் டயர்களில் சீக்கிரம் வெடிப்பு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பழுப்பு ஒரு நோய் அல்ல. பூச்சு போட்டுவிட்டால் அது அடியோடு நின்றுவிடப் போவதும் இல்லை. டயரின் ஆயுள் நீளும் என்று நம்பி யாரும் பூச்சு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தரமான டயருக்கு வேண்டிய பாதுகாப்பு அதன் ரப்பருக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பூச்சு தருவது சீரான நிறம், புழுதி சுலபமாக ஒட்டாத மேற்பரப்பு, அடுத்த முறை கழுவும்போது பாதி உழைப்பு மிச்சம். எனக்கு அந்த மூன்றாவது ஒன்றே போதும்.

எதை வாங்குவது

கடை அலமாரியில் எல்லாப் புட்டிகளிலும் ஒரே மாதிரி மின்னும் டயர் படம்தான் இருக்கும். உள்ளே இருப்பது மூன்று வகை. பால்போல் வெள்ளையாக, தண்ணீரில் கலந்த நிலையில் இருப்பது ஒன்று. டயர் பாலிஷ் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பாலானது இதுதான். பூசுவது எளிது, மினுமினுப்பு மிதமாக இருக்கும், இரண்டு மூன்று முறை கழுவினால் போய்விடும். இரண்டாவது வகை பெட்ரோலியக் கரைப்பான் கலந்தது. கண்ணாடிபோல் பளபளக்கும், கையில் பிசுபிசுக்கும், தீப்பற்றும். ரப்பருக்கு நல்லதல்ல என்று டயர் தயாரிப்பாளர்கள் பலர் பெட்ரோலியப் பொருட்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கதவில் புள்ளி தெறிக்கவைத்த என் பழைய புட்டி இந்த வகைதான்.

மூன்றாவது வகையைத்தான் இங்கே பூச்சு என்று சொல்கிறேன். இது டயர்மேல் ஈரமாகவே கிடப்பதில்லை. காய்ந்து, இறுகி, மெல்லிய படலமாக ரப்பரைப் பற்றிக்கொள்கிறது. சிலிக்கா, பிசின் போன்றவற்றை அடிப்படையாகக் கொண்ட பொருட்கள் இவை. விரலால் தடவினால் வழவழப்பு இருக்கும், ஆனால் விரலில் எதுவும் ஒட்டாது. நன்றாகப் பூசினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை தாங்கும். விலையும் அதற்கேற்ப அதிகம். தப்பாகப் பூசினால் எடுப்பதும் கடினம். பாதி டயரில் சோதித்துப் பார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது.

புட்டியை வாங்கும்போது முன்பக்க வாசகங்களை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிறு எழுத்துகளைப் படியுங்கள். எவ்வளவு நேரம் காய வேண்டும், எத்தனை பூச்சு, எந்த வெப்பநிலை, தண்ணீர் படாமல் எத்தனை மணி நேரம் என்ற நான்கு விவரங்களும் அதில் இருக்க வேண்டும். காயும் நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், அது பூச்சு என்ற பெயரில் விற்கப்படும் பாலிஷாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டயர் பூச்சுக்குத் தகுதியானதா

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் தவிர்க்கக்கூடாது. டயரின் பக்கச்சுவரை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். எங்காவது புடைப்பு, ஆழமான வெடிப்பு, உள்ளிருக்கும் நூல் தெரியும் அளவுக்கு வெட்டு இருந்தால் பூச்சைப் பற்றி யோசிக்காதீர்கள். டயர் கடைக்குப் போங்கள். பூச்சு எந்த வெடிப்பையும் ஒட்டவைக்காது, கண்ணிலிருந்து மறைக்கத்தான் செய்யும். அது இன்னும் ஆபத்து.

டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் ஆண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த நான்கு இலக்கங்கள் சில டயர்களில் உட்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். குனிந்து, டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். இன்னும் சில மாதங்களில் மாற்றப்போகும் டயருக்கு விலையுயர்ந்த பூச்சு வீண்.

புத்தம் புதிய டயர் என்றால் வேறொரு சிக்கல். அச்சிலிருந்து டயர் சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தடவிய வழவழப்பான பொருள் அதன்மேல் மிச்சமிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பூச்சு பிடிக்காமல் உரிந்து வரும்போதுதான் தெரியும். புது டயரைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு முறை நன்றாகக் கழுவிய பிறகு பூசுவது நல்லது.

கழுவுவதுதான் முக்கால் வேலை

கையில் இருக்க வேண்டியவை: டயருக்கென்றே விற்கும் காரத்தன்மையுள்ள கழுவுதிரவம், கெட்டியான நார் உள்ள பிரஷ், எழுத்துகளுக்குள் நுழையும் பழைய பல்துலக்கி ஒன்று, இரண்டு வாளித் தண்ணீர் அல்லது குழாய், ரப்பர் கையுறை, பழைய துண்டுகள், மாஸ்கிங் டேப், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிது, பூசுவதற்கு ஸ்பாஞ்சு. பாத்திரம் கழுவும் சோப்பு போதாதா என்று கேட்பீர்கள். புழுதிக்குப் போதும், பழைய பாலிஷையும் பூத்த பழுப்பையும் அது கிளப்பாது. அமிலம் கலந்த ரிம் கிளீனரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

வண்டியை நிழலில், சமதரையில் நிறுத்துங்கள். கைபிரேக் போட்டு, கியரிலோ பார்க்கிங்கிலோ விட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பிவிடுங்கள். சோதனைக்கு எடுத்த முன்டயர் அப்போது மட்கார்டுக்கு வெளியே முகத்தைக் காட்டி நிற்கும்; கை நுழைய இடம் கிடைக்கும். முன்டயரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. முன்பிரேக்குக்கு வேலை அதிகம், ஆகவே தூளும் அதிகம். அங்கே தாங்கும் பூச்சு பின்னால் நிச்சயம் தாங்கும். தினமும் ஏறி இறங்கும் பக்கத்து டயராக இருந்தால், மறக்காமல் கண்ணில் படும்.

டயர் தொட்டுப்பார்க்கக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஓடிவந்த சூட்டோடு தொடங்கினால் கழுவுதிரவம் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். முதலில் ரிம்மைக் கழுவி முடியுங்கள். டயரைக் கழுவிய பிறகு ரிம்மைக் கழுவினால் பிரேக் தூள் மறுபடி டயரில் வந்து அமரும். பின்பு டயரில் தண்ணீர் அடித்துப் புழுதியை இறக்கி, கழுவுதிரவத்தைத் தெளித்து, அரை நிமிடம் ஊறவிடுங்கள். மேலே பெயின்ட் எதுவும் அடிக்காத அலுமினிய ரிம் என்றால் காரத் திரவம் அதில் தங்காமல் அவ்வப்போது தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்கினால் கறை விழும்.

இனி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் தேய்ப்பில் எழும் நுரையைக் கவனியுங்கள். திக்கான டிகாஷன் நிறத்தில் வழியும். அதைப் பார்த்துவிட்டு 'வந்துவிட்டது' என்று நிறுத்துபவர்கள்தான் பெரும்பாலோர். நானும் முதல் முறை அங்கேதான் நிறுத்தினேன். தண்ணீர் அடித்துக் கழுவி, மறுபடி தெளித்து, மறுபடி தேயுங்கள். இப்போது நுரை வெளிறிய பழுப்பாக இருக்கும். மூன்றாவது முறை, பாலிஷ் பலமுறை பூசிய டயரென்றால் நான்காவது ஐந்தாவது முறையில், நுரை வெள்ளையாகவே இருந்துவிடும். அதுதான் எல்லை. நுரை வெள்ளையாகும்வரை பூச்சுப் புட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். பெயரும் அளவு எண்ணும் புடைத்திருக்கும் இடங்களில் பிரஷ் ஏமாற்றும். அங்கே பல்துலக்கியால் குடைய வேண்டும். ரிம்மை ஒட்டிய உள்விளிம்பிலும் அப்படித்தான்.

தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் சற்றுப் பிதுங்கி இருக்கும், பிரஷ்ஷும் சரியாகப் போகாது. வண்டியைக் கால் சுற்று நகர்த்தி அந்த இடத்தையும் மேலே கொண்டுவந்து தேயுங்கள். இதைச் செய்ய மறந்தவர்களின் டயரில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் பூச்சு உரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வழிந்த பழுப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்ததற்குக் காரணம், 6பிபிடி ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் ஒரு பொருள் என்று 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். டயர் தேய்மானத்தால் சாலையில் சேரும் தூளைவிட நம் வாளித் தண்ணீர் அற்பம்தான். ஆனாலும் அதை மழைநீர் வடிகாலிலோ குளத்துப் பக்கமோ விட வேண்டியதில்லை. முடிந்தால், கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போகும் வசதியுள்ள கழுவுமிடத்தில் இந்த ஒரு வேலையை வைத்துக்கொள்ளலாம்.

உலர்த்துவதில் அவசரப்படாதீர்கள். துண்டால் ஒற்றிவிட்டு உடனே பூசக்கூடாது; எழுத்துகளின் பள்ளத்திலும் ரிம் விளிம்பிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். காற்றடிக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மெல்லக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, அரை மணி நேரம் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு மறுபடி துடையுங்கள். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் பக்கச்சுவரை ஒரு சுற்று துடைக்க வேண்டும். துணி லேசாகச் சாம்பல் பூத்தால் பரவாயில்லை. பழுப்பாக வந்தால் வாளியை மறுபடி நிரப்ப வேண்டியதுதான்.

டேப் ஒட்டிப் பூசுவது

பல டயர்களில் நிறுவனத்தின் பெயர் எதிரெதிராக இரண்டு இடங்களில் இருக்கும். அந்த இரண்டு பெயர்களையும் எல்லையாக வைத்து, ரிம்மிலிருந்து வெளிவிளிம்பு வரை ஒவ்வொரு டேப் துண்டு நேராக ஒட்டுங்கள். டயர் இப்போது இரண்டு பாதி. எந்தப் பாதியில் பூசப்போகிறீர்கள் என்பதை 'அளவு எண் இருக்கும் பாதி' என்பதுபோல ஓர் அடையாளத்தோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டேப்பை எடுத்து இரண்டு வாரமானதும் குழப்பம் வரும். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிம் விளிம்பைச் சுற்றியும் டேப் ஒட்டினால் முதல் முறை பூசுபவருக்கு நிம்மதி.

கை பழகாதவர்கள் ஸ்டெப்னியில் ஒரு மூலையில் பூசிப் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஓடாத டயரை வைத்துப் பூச்சின் தரத்தை முடிவு செய்ய முடியாது.

கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், தீ எதுவும் அருகில் இல்லாமல் தொடங்குங்கள். புட்டியை நன்றாகக் குலுக்கி, ஸ்பாஞ்சில் கொஞ்சம் ஊற்றுங்கள். டயர்மேல் நேரடியாக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. ரிம் பக்கத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி, ஒரு நேரத்தில் உள்ளங்கை அளவு இடம். பாதி டயருக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் செலவானால் கனமாகப் பூசுகிறீர்கள் என்று பொருள். எழுத்துகளின் பள்ளத்தில் திரவம் தேங்கி நின்றால் சிறு பிரஷ்ஷால் இழுத்துப் பரப்பிவிடுங்கள். தேங்கிய இடம்தான் பிற்பாடு வெண்மையாகத் திரைந்து நிற்கும், கதவில் புள்ளியாகப் பறக்கும்.

தரையில் படும் பகுதியில், அதாவது பூவேலை வெட்டியிருக்கும் பகுதியில், ஒரு சொட்டும் படக்கூடாது. பக்கச்சுவர் வளைந்து அந்தப் பகுதியில் சேரும் தோளுக்கு ஒரு விரற்கடை முன்பே நிறுத்திவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் பட்டால் இன்னும் மோசம். ரிம்மின் இடைவெளிகள் வழியாக ஸ்பிரே அடிப்பதை நான் வெறுப்பது இதனால்தான். தவறிப் பட்டுவிட்டால் பிரேக் கிளீனரால் துடைத்தெடுத்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்த பிறகே சாலைக்குப் போங்கள். மோட்டார் சைக்கிள் டயருக்கு இதை எந்தக் காரணத்துக்காகவும் பூசாதீர்கள். வளைவில் சாயும்போது அந்த டயரின் விளிம்பும் தரையைப் பிடிக்க வேண்டும்.

பூசிப் பத்து நிமிடம் கழித்து, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரு முறை ஒற்றி எடுங்கள். இந்தச் சின்ன வேலைதான் என் கதவுகளைக் காப்பாற்றியது. உள்ளே இறங்காத மிச்சமெல்லாம் துணிக்கு வந்துவிடும். மினுமினுப்புக் கொஞ்சம் குறையும். கவலை வேண்டாம், ஈரப் பளபளப்பைவிட அடங்கிய கறுப்புத்தான் டயருக்கு அழகு என்பேன்.

இரண்டாவது பூச்சு வேண்டுமா என்பதைப் புட்டியின் பின்பக்கம் சொல்லும். வேண்டுமென்றால், முதல் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு, அதே மெல்லிய அளவில். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேலே பூசினால் இரண்டும் சேர்ந்து காயாமல் கூழாகிவிடும். எல்லாம் முடிந்ததும் டேப்பை உரித்துவிடுங்கள்; முழுதும் இறுகும்வரை விட்டால் ஓரம் பிய்ந்து வரும்.

காய்வதற்கு எவ்வளவு நேரம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். வண்டியை எடுக்கச் சில மணி நேரமும், தண்ணீர் படாமல் ஏறக்குறைய ஒரு நாளும் ஒதுக்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். கிளம்புவதற்கு முன், வெள்ளை டிஷ்யூ காகிதத்தைப் பூசிய பாதியில் அழுத்தி எடுங்கள். காகிதத்தில் எண்ணெய்த் தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

ஒரு மாதத்துக்கு என்ன பார்ப்பது

முதல் ஓட்டத்துக்குப் பிறகு டயரைப் பார்ப்பதற்கு முன் கதவையும் மட்கார்டையும் பாருங்கள். புள்ளிகள் இருந்தால் பூச்சு கனம், அல்லது காயவில்லை. புள்ளி புதிதாக இருக்கும்போதே ஈரத் துணியும் கார் ஷாம்புவும் போதும்.

பிறகு வாரம் ஒரு முறை, கழுவுவதற்கு முன்பும் பின்பும், இரண்டு பாதிகளையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள். கழுவும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: இரண்டு பாதிக்கும் ஒரே ஷாம்பு, ஒரே எண்ணிக்கைத் தேய்ப்பு. பூசாத பாதியைப் பாவம் பார்த்துக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் சோதனை கெட்டுப்போகும். காரத் திரவத்தை இந்த மாதம் தொடாதீர்கள். அது பூச்சையும் அரித்துவிடும்.

முதல் வாரத்தில் இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். மாதக்கணக்கில் பழுப்பாக இருந்த டயர் வெறும் கழுவலாலேயே எவ்வளவு கறுத்தது என்பதைப் பூசாத பாதி காட்டிக்கொண்டிருக்கும். வித்தியாசம் மெதுவாக வரும். தண்ணீர் அடிக்கும்போது பூசிய பாதியில் துளிகள் உருண்டு ஓடும், மறுபாதியில் தட்டையாகப் படர்ந்து நிற்கும். மூன்றாவது வாரம்போலப் பூசாத பாதியில் பழுப்பு தலைகாட்டத் தொடங்கும். பூசிய பாதியில் அது தாமதமாகிறதா, ஷாம்புத் துணி பட்டாலே போய்விடுகிறதா என்று பாருங்கள். அந்தப் பாதியைக் கழுவ எத்தனை தேய்ப்பு மிச்சமாகிறது என்பதுதான் நீங்கள் கொடுத்த பணத்தின் கணக்கு.

தப்பாகப் போனால் அதற்கும் அடையாளம் உண்டு. செதில்செதிலாக உரிந்தால் கழுவியது போதவில்லை, அல்லது டயரில் ஈரம் இருந்தது. பால்போல் வெண்திரை படர்ந்தால் தேங்கிக் காய்ந்திருக்கிறது. பூசிய பாதியில் புழுதி கூடுதலாக ஒட்டினால் மிச்சத்தை ஒற்றியெடுக்கவில்லை. இவை மூன்றும் பூசியவர் கையின் குறை. பொருளைக் குறை சொல்வதற்கு முன் எதிர்ப்பக்க முன்டயரில் இன்னொரு முறை சோதியுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரண்டே வாரத்தில் துளி உருள்வது நின்றுவிட்டால் அந்தப் புட்டியை மறந்துவிடலாம். பூச்சை எடுப்பதற்கு அதே காரத் திரவமும் பிரஷ்ஷும்தான்; கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். தின்னரோ பெட்ரோலோ ஊற்றித் துடைக்காதீர்கள், ரப்பர் கெட்டுப்போகும்.

சோதனை தேறிவிட்டால் மற்ற மூன்று டயர்களையும், சாட்சியாக நின்ற அந்தப் பாதியையும், ஒவ்வொன்றாக வெள்ளை நுரை வரும்வரை கழுவிப் பூசுங்கள். நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை. காலையில் இரண்டு, அடுத்த வாரம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் முதுகு பிழைக்கும். புட்டியின் வாயைத் துடைத்து, மூடியை இறுக்கி, திறந்த தேதியை அதன்மேல் எழுதிவிடுங்கள். காற்றில் இறுகும் பொருள் புட்டிக்குள்ளும் இறுகும். வேலைக்கு எடுத்த ஸ்பாஞ்சு மறுநாள் கல்லாகியிருக்கும்; அதை அடுத்த முறைக்கு என்று எடுத்துவைக்க வேண்டாம்.